பாட்டிலிருந்து குரலைத் தனியாகப் பிரித்தவர்கள் உண்டா? பெங்களூரு நண்பர்கள் சொல்லுங்கள்

அல்சூர் கீபோர்டு

அல்சூரில் எங்களுடையது சின்ன மெல்லிசைக் குழு. கீபோர்டு வாசிப்பதும் நான்தான், மைனஸ் ஒன் ட்ராக் (குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் ஓடும் பதிவு) தயார் செய்வதும் நான்தான். முன்பெல்லாம் ஒரு பாட்டை முழுக்கப் புரோகிராம் செய்ய இரண்டு இரவு போய்விடும். இப்போது குரல் பிரிக்கும் மென்பொருளில் பாட்டைப் போட்டால் பத்து நிமிடத்தில் குரல் வேறு, வாத்தியம் வேறாக வந்துவிடுகிறது. அதை நம்பி மேடையேறி நான் பட்டதைச் சொல்கிறேன்.

போன பொங்கலுக்கு ஒயிட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மெண்ட் விழா. அங்கே குடியிருக்கும் மாமா ஒருவர் பாடுவதாக இருந்தது. எந்தப் பாட்டு என்று முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குத்தான் சொன்னார். அவசரமாகப் பிரித்தேன். முதல் ஒரு நிமிடம் ஹெட்போனில் கேட்டேன், சுத்தமாக இருந்தது, படுத்துவிட்டேன்.

மேடையில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கோரஸ் வரவேண்டும். வரவில்லை. வெறும் தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கருவிக்கு முன்னால் பாடுகிறவர், பின்னால் பாடுகிறவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. தொண்டையிலிருந்து வந்தால் குரல் கணக்குதான். கோரஸையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. மாமா மைக்கைப் பிடித்தபடி எட்டு பார் சும்மா நின்றார். முன்வரிசையில் ஒரு வாண்டு, “தாத்தா மறந்துட்டாரு” என்று சத்தமாகச் சொன்னது. அதன் பிறகு மாமா என்னோடு சரியாகவே பேசுவதில்லை.

இப்போது குரல் ட்ராக்கை அழிப்பதில்லை. கோரஸ் வரும் இடங்களை அதிலிருந்து வெட்டி மறுபடி ஒட்டிவிடுகிறேன்.

இன்னொன்று, சுருதி. பாடுகிறவருக்காக ஒரு கட்டை இறக்க வேண்டுமென்றால் முழுப் பாட்டையும் இறக்காதீர்கள், டிரம்ஸ் ஈர மூட்டையை அடிப்பது மாதிரி ஆகிவிடும். குரல், டிரம்ஸ், பேஸ் (அடிநாத கிட்டார்), மற்றவை என்று நான்காகப் பிரித்துக்கொண்டு பேஸையும் மற்ற வாத்தியங்களையும் மட்டும் இறக்குங்கள், டிரம்ஸைத் தொட வேண்டாம். தபேலா இருக்கிற பாட்டில் இந்த வித்தை பலிக்காது. அது சுருதி சேர்த்து வாசிக்கிற வாத்தியம், பழைய சுருதியிலேயே நின்று மானத்தை வாங்கும்.

ஃப்ரேசர் டவுன் பேஸ்

அண்ணா, நீங்கள் பத்து நிமிடம் என்கிறீர்கள், நான் கல்லூரி நாட்களில் பட்ட பாடு வேறு. எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளைப் போட்டு வைத்திருந்தேன். அப்போது ஒரே வழிதான்: இடது சேனலைத் தலைகீழாக்கி வலதோடு கூட்டுவது. இரண்டிலும் சமமாக இருப்பதுதான் நடுவில் கேட்கும், கூட்டினால் அது ஒன்றுக்கொன்று அடிபட்டுக் காணாமல் போய்விடும். குரலை நடுவில்தான் வைப்பார்கள், அதனால் குரல் போகும். என் துரதிர்ஷ்டம், பேஸ் கிட்டாரையும் கிக் டிரம்மையும்கூட நடுவில்தான் வைப்பார்கள். பேஸ் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டவனுக்குப் பேஸே இல்லாத பாட்டு!

ஒருநாள் பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போட்டேன். மொத்தமும் நிசப்தம். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து எஸ்.பி. ரோட்டுக்கே தூக்கிக்கொண்டு போனேன். மோனோவில் இரண்டு பக்கமும் ஒன்றேதான், ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினால் மிச்சம் பூஜ்யம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

2019 நவம்பரில் இணையத்தில் பாட்டு வழங்கும் டீசர் நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற பிரிக்கும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. பாட்டை இரண்டாக, நான்காக அல்லது ஐந்தாகப் பிரிக்கும். ஐந்தில் பியானோவும் தனியாக வரும். லாக்டவுன் முழுக்க எனக்கு அதுதான் துணை. இருபது வருடமாகக் கேட்ட பாட்டுகளில் பேஸ் என்ன செய்கிறது என்று அப்போதுதான் கேட்டேன். ஓர் இடத்தில் நான் இத்தனை நாள் தப்பாக வாசித்துவந்தது தெரிந்தது. இப்போது ஃபேஸ்புக் ஆராய்ச்சியாளர்கள் செய்த டெமக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளை வைத்திருக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் பாட்டின் நீளத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரம் எடுக்கும். காபி போடப் போனால் முடிந்துவிடும்.

மல்லேஸ்வரம் மிருதங்கம்

சினிமாப் பாட்டுக்குச் சரி, கச்சேரிக்கு இது வேறு கதை. மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன். ஒரு கச்சேரிப் பதிவிலிருந்து மிருதங்கத்தை மட்டும் எடுக்கலாம் என்று போட்டேன். வலந்தலைச் (வலது பக்கம்) சொல் டிரம்ஸில் விழுந்தது, தொப்பியின் (இடது பக்கம்) கும்கி என்ற கனத்த நாதம் பாதி பேஸில் போய் உட்கார்ந்தது. வயலின் பாடகரை நிழலாகத் தொடரும் அல்லவா, அந்த நிழல் குரலோடேயே வந்துவிட்டது.

காரணம் தேடிப் பார்த்தேன். இந்தக் கருவிகளைப் பழக்கவும் சோதிக்கவும் பெரிதும் பயன்பட்ட மியூஸ்டிபி18 என்ற பாட்டுத் தொகுப்பில் 150 பாட்டுகள், பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக். குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்கே அறை. மிருதங்கத்துக்கு அங்கே ஏது அறை? நம் சங்கீதத்துக்கு சரகா என்ற தொகுப்பு இருக்கிறது, ஆனால் மேடைக் கச்சேரியில் பாடகர் மைக்கில் மிருதங்கமும் மிருதங்க மைக்கில் பாட்டும் கசிந்துதான் இருக்கும். அதை வைத்துச் சுத்தமாகப் பிரிக்கக் கற்றுத்தருவது கஷ்டம்.

தனியாகக் கிடைத்ததைக் குருவிடம் போட்டுக் காட்டினேன். “பாட்டு இல்லாம இதை வெச்சுண்டு என்ன பண்ணப் போறே?” என்றார். சரி என்று திருப்பிப் போட்டேன்: தாளத்தை எடுத்துவிட்டுப் பாட்டுக்கு நான் வாசிக்கிறேன். அடியில் பேய் மாதிரி ஒரு தட்டல் கேட்டுக்கொண்டே இருக்கும். பழகிவிட்டது.

கே.ஆர். புரம்

ஒரு ஆப்பில் மாதச் சந்தா கட்டி ஏமாந்தேன். குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வந்த மாதிரி இருந்தது. பாதித் தப்பு என்னுடையது, வாட்ஸ்ஆப்பில் சுருங்கித் தரம் குறைந்து வந்த பாட்டைப் போட்டிருந்தேன்.

ராமமூர்த்தி நகர்

எனக்கு வேறு சந்தேகம். பாட்டி தாலாட்டுப் பாடிய கேசட் ஒன்று வீட்டில் இருக்கிறது. பக்கத்தில் ஃபேன், குக்கர், அடுத்த வீட்டு ரேடியோவில் ஏதோ கன்னடப் பாட்டு. ஜான் லெனனின் வீட்டுக் கேசட்டிலிருந்து குரலைப் பிரித்துத்தான் 2023இல் பீட்டில்ஸ் பாட்டை வெளியிட்டார்கள் என்று படித்ததும் ஆசை வந்தது. பையன் போட்டுப் பார்த்தான். ஃபேன் சத்தம் நன்றாகவே போனது. ரேடியோக்காரர் பாட்டியோடு டூயட் பாடுகிறார். குக்கர் விசிலும் குரலில்தான் இருக்கிறது. ஏதாவது வழி உண்டா?

அல்சூர் கீபோர்டு

அக்கா, லெனன் கேசட்டில் இருந்தது குரலும் பியானோவும். உங்களுடையதில் இரண்டு குரல். ஒரு குரலிலிருந்து இன்னொரு குரலைப் பிரிப்பது தனி வேலை, அதற்கு வேறு கருவி வேண்டும். விசிலை நானே ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த நேரத்தில் எந்தச் சுருதியில் சத்தம் என்று காட்டும் படம்) பார்த்துப் பார்த்துக் கையால் அழித்துத் தருகிறேன். பையன் செய்த ஃபைல் வேண்டாம், கேசட்டையே கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ப்ராக்டிஸ், பத்து மணிக்கு முன்னால் வந்தால் கேசட் டெக் சும்மா இருக்கும்.

ஒயிட்ஃபீல்டு மாமா அடுத்த பொங்கலுக்குப் பாட்டை இப்போதே சொல்லி அனுப்பியிருக்கிறார். கோரஸே இல்லாத பாட்டு.