அரியமான் கடற்கரையில் டிஸ்க் கோல்ஃப்: எந்தப் பிடியைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் திருத்துவது?

வடகடல்:

அனைவருக்கும் வணக்கம். நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கு அருகே வசிக்கிறேன். விடுமுறைக்கு வந்திருந்த என் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிஸ்க் கோல்ஃப் (வட்டத் தட்டை எறிந்து, குறைந்த எறிதல்களில் இலக்கை அடையும் ஆட்டம்) டிஸ்க்குகளை இங்கேயே விட்டுச் சென்றுவிட்டார். அவற்றில் தொலைவுக்கான லெப்பர்ட், நடுத்தொலைவுக்கான ஷார்க், குறுந்தொலைவுக்கான ஏவியார் ஆகிய மூன்றும் அடங்கிய இன்னோவா நிறுவனத்தின் தொடக்கநிலைத் தொகுப்பு ஒன்றும், தனியாக, வெகுதொலைவுக்கான டெஸ்ட்ராயர் ஒன்றும் உள்ளன. அரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்பை ஒட்டிய மணல்வெளியில், வழக்கமான இலக்காகிய சங்கிலிக்கூடை கிடைக்காத காரணத்தால் ஊன்றிய கம்புகளையே இலக்காகக் கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் நானும் ஆடி வருகிறோம்.

நான் வலக்கையால், கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து எறியும் பேக்ஹேண்ட் முறையில் எறிகிறேன். நான்கு விரல்களையும் விளிம்புக்குள் மடக்கிப் பிடிக்கும் பவர் கிரிப்தான் தொலைவுக்கு ஏற்றது என்று மைத்துனர் சொல்லிக்கொடுத்தார். ஆனால் கரையோரமாக மேற்கு நோக்கி எறியும்போது லெப்பர்ட் அடிக்கடி வலப்பக்கம் சென்று கடலில் விழுகிறது. வடகடல் என்று நாங்கள் சொல்லும் இந்தப் பாக் நீரிணைப் பக்கக் கடல் வெகுதூரம் வரை முழங்கால் ஆழமே இருப்பதால் இதுவரை எதுவும் தொலையவில்லை. டெஸ்ட்ராயரோ முன்விளிம்பு நிமிர்ந்து மேலே ஏறி, பாதி வழியிலேயே இடப்பக்கம் சாய்ந்து விழுந்துவிடுகிறது. என் கை சிறியது. டெஸ்ட்ராயரின் விளிம்புக்குள் சுண்டுவிரல் ஒழுங்காகப் பொருந்துவதே இல்லை. வெயில் ஏறிய பிறகு கை வியர்த்து, டிஸ்க் நழுவிப் போவதும் உண்டு.

எல்லா டிஸ்க்குகளுக்கும் ஒரே பிடியைப் பழகுவது நல்லதா, டிஸ்க்குக்குத் தக்கபடி மாற்ற வேண்டுமா? எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும்?

பனைமரத்தடி:

வணக்கம். பிடியை முதலில் தீர்மானிப்பது டிஸ்க்கின் விளிம்புதான். நம் விருப்பம் அதற்குப் பின்புதான் வருகிறது. பழைய ஃபிரிஸ்பீ தட்டுகளின் விளிம்பு மழுங்கியும் உருண்டும் இருந்ததால் அவற்றை எப்படிப் பிடித்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. 1983-இல் டேவ் டுனிபேஸ் சரிந்த கூர்விளிம்பு கொண்ட ஈகிள் என்னும் டிஸ்க்கை உருவாக்கிய பிறகுதான், அகன்ற விளிம்புக்குள் விரல்களை எங்கே வைப்பது என்பது எறிதலின் ஒரு பகுதியாகவே ஆனது. உங்களிடம் உள்ள நான்கும் குறுக்களவில் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனால் விளிம்பின் அகலம் லெப்பர்டுக்கு 1.6 சென்டிமீட்டர் அளவிலும் டெஸ்ட்ராயருக்கு 2.2 சென்டிமீட்டர் அளவிலும் இருப்பதால், முன்னதில் வசதியாக மடங்கும் விரல்கள் பின்னதில் நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஆகவே ஒரே பிடி எல்லாவற்றுக்கும் போதாது. ஏவியாரை ஃபேன் கிரிப்பில் பிடியுங்கள். அதாவது, கட்டைவிரலை மேல்தட்டில் வைத்து, மற்ற விரல்களை அடிப்பரப்பில் விசிறிபோல் பரப்பி, சுட்டுவிரலை மட்டும் விளிம்பை ஒட்டிச் சற்று மடக்கிக்கொள்ள வேண்டும். விளிம்பின் மீது அழுத்தம் குறைவதால் இதில் விசை குறையும். ஆனால் டிஸ்க்கின் தளம் கைக்குள் நன்றாகத் தெரியும் என்பதால், குறுகிய தொலைவுக்கு இதைவிட நம்பகமான பிடி இல்லை என்பது என் கருத்து. ஷார்க்கை எறிய ஃபேன் கிரிப்புக்கும் பவர் கிரிப்புக்கும் இடைப்பட்ட ஒரு பிடி ஏற்றது: சுட்டுவிரலும் நடுவிரலும் உள்விளிம்பில் மடங்கியிருக்க, மோதிர விரலும் சுண்டுவிரலும் அடிப்பரப்பைத் தாங்கலாம். லெப்பர்டுக்குப் பவர் கிரிப் சரியே. கை சிறியதென்றால் நான்காவது விரலை வலிந்து உள்ளே திணிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று விரல்களை மடக்கி, சுண்டுவிரலை மோதிர விரலோடு ஒட்டி வைத்துக்கொண்டு நன்றாக எறிபவர்கள் பலர் இருக்கிறார்கள்.

டெஸ்ட்ராயரைப் பற்றிச் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அதன் மேல் அச்சிடப்பட்டுள்ள 12, 5, -1, 3 ஆகிய எண்களில் முதலாவது, அந்த டிஸ்க் தன் இயல்பின்படி பறக்கத் தேவையான வேகத்தைக் குறிக்கிறது. கடைசி எண், வேகம் குறைந்ததும் அது எவ்வளவு வலுவாக இடப்பக்கம் சாயும் என்பதைக் காட்டுகிறது. போதிய வேகம் கிடைக்காத கையில் அந்த 3 மட்டுமே வெளிப்படும். எந்தப் பிடியும் அதைச் சரிசெய்யாது. சில மாதங்களுக்கு அதைப் பெட்டிக்குள் வைத்திருங்கள்.

முன்விளிம்பு நிமிர்வதைத் திருத்துவது மட்டும் பிடியால் ஆகக்கூடியது. டிஸ்க்கைப் பிடித்து எறியும் நிலைக்குக் கையை நீட்டி, பக்கவாட்டில் நிற்கும் ஒருவரிடம் டிஸ்க்கின் தளமும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் முன்விளிம்பு மேல்நோக்கியே இருக்கும். ஆணி அடிக்கும்போது சுத்தியல் இறங்கும் திசையில் மணிக்கட்டைச் சிறிது தாழ்த்தினால் அது சமநிலைக்கு வரும். அத்துடன் கட்டைவிரலைத் தட்டின் நடுவை நோக்கி நீட்டாமல், சுட்டுவிரலுக்கு நேர் மேலே, விளிம்புக்கு அருகில் வைத்து அழுத்துங்கள். இரண்டு விரல்களும் சேர்ந்து கிள்ளிப் பிடிப்பதால் முன்விளிம்பு தாழ்ந்தே நிற்கும். டிஸ்க் உள்ளங்கையில் பொருந்தும் இடமும் முக்கியமானது. சுட்டுவிரலின் அடியிலிருந்து சாய்வாக இறங்கும் மடிப்பில் விளிம்பு படிந்திருக்க வேண்டும். விரல்நுனிகளால் மட்டும் தொங்கவிட்டுப் பிடித்தால், எவ்வளவு அழுத்தினாலும் டிஸ்க் அசைந்துகொண்டே இருக்கும்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை, கையைப் பின்னால் கொண்டுபோகும்போது டிஸ்க் விழாத அளவுக்குப் பிடித்திருந்தால் போதும். கை மார்பைக் கடந்து முன்னே வரும்போதுதான் பிடி இறுக வேண்டும். தொடக்கத்திலிருந்தே முழு வலிமையுடன் இறுக்கினால் முன்கைத் தசைகள் விறைத்து, மணிக்கட்டு சுழல மறுக்கும். வலப்பக்கம் போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். விரல்கள் உரிய நேரத்தில் டிஸ்க்கை விடாததால், கை இலக்கைத் தாண்டிய பிறகு அது வெளியேறுகிறது.

கச்சான் காற்று:

மேலே எழுதியவர் பிடியைப் பற்றிச் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். கடைசிப் பத்தியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வலப்பக்கம் போகும் ஒவ்வோர் எறிதலுக்கும் விரல்கள் மீது பழி போடுவதை நான் எச்சரிக்கையோடுதான் பார்ப்பேன்.

தம்பி, ஒன்றை முதலில் கவனித்துச் சொல்லுங்கள். டிஸ்க் உங்கள் கையை விட்டுப் புறப்படும்போதே வலப்பக்கம் போகிறதா, அல்லது இலக்கை நோக்கி நேராகப் புறப்பட்டு, சிறிது தூரம் சென்ற பின் வலப்பக்கம் கவிழ்கிறதா? இரண்டும் கடலில்தான் முடிகின்றன. ஆனால் இவற்றின் காரணங்கள் முற்றிலும் வேறு.

புறப்படும்போதே வலப்பக்கம் போனால் அது விடுகை தாமதமாகும் சிக்கல். அதிலும் பாதிக்கு மேல், கையை மார்புக்கு அருகில் நேர்கோட்டில் இழுக்காமல் உடலைச் சுற்றி வளைத்துக் கொண்டுவருவதால் ஏற்படுவது. பிடியைத் தளர்த்தினால் அது மறையாது, மாறாக டிஸ்க் முன்னதாகவே நழுவி இடப்பக்கம் போகத் தொடங்கும். நேராகப் புறப்பட்டுப் பின்பு கவிழ்ந்தால், காற்றைப் பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் நம் பகுதியில் கச்சான் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. அரியமானில் மேற்கு நோக்கி நிற்கும் உங்களுக்கு அது முன்னாலிருந்தும் இடப்பக்கத்திலிருந்தும் சாய்வாக வரும். எதிர்காற்றில் எந்த டிஸ்க்கும் வேகமாக எறியப்பட்டதைப் போலவே நடந்துகொள்ளும். வேகத்தில் வலப்பக்கம் திரும்பும் இயல்பு லெப்பர்டுக்கு ஏற்கெனவே உண்டு, அதன் மூன்றாவது எண்ணான -2 அதைத்தான் குறிக்கிறது. அப்படித் திரும்பிய டிஸ்க்கின் இட விளிம்பு உயர்ந்து அடிப்பரப்பு தெற்கு நோக்கித் திறந்துவிடுவதால், அந்தக் காற்றே அதைத் தூக்கிக் கடல் பக்கம் கொண்டுபோகிறது.

இதற்கு மருந்து பிடியில் இல்லை. எதிர்காற்றில் லெப்பர்டை வைத்துவிட்டு, அந்த அளவுக்குத் திரும்பாத ஷார்க்கை எடுங்கள். அல்லது டிஸ்க்கின் இட விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி எறியுங்கள். பழகும் காலத்தில் காற்று தணிந்திருக்கும் விடியற்காலையே சிறந்தது. பிடியில் செய்த மாற்றத்தின் பலன் காற்றில் மறைந்துவிட்டால், எதைக் கற்றோம் என்பதே தெரியாமல் போகும்.

ஓடி வந்து எறியாதீர்கள். மணலில் முன்கால் சறுக்கும்போது உடலின் நேரம் குலைந்து, விரல்கள் அதைச் சரிக்கட்ட முயலும். நின்ற இடத்திலிருந்து எறிந்து பிடியைச் சோதித்தால் உண்மை தெரியும்.

கம்பை இலக்காக வைத்திருப்பதற்காக வருந்தவும் வேண்டாம். 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் அமைத்த முதல் நிரந்தர மைதானத்திலும் தொடக்கத்தில் கம்பங்களே இலக்காக இருந்தன. சங்கிலிக்கூடை பின்னர் வந்தது.

உப்புக்காற்று:

வியர்வையைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் சுருக்கமாக ஒன்று. வீட்டில் இருக்கிறதே என்று கேரம் பவுடரையோ முகத்துக்குப் போடும் பவுடரையோ கையில் தடவிவிடாதீர்கள். கேரம் பவுடர் காய்கள் வழுக்கிச் செல்வதற்காகவே தயாரிக்கப்படுவது. உடற்பயிற்சிக் கூடங்களில் எடை தூக்குபவர்கள் பயன்படுத்தும் மக்னீசியம் கார்பனேட் தூள்தான் ஈரத்தை உறிஞ்சும். ஈரிழைத் துண்டுகள் இரண்டை எடுத்துச் செல்லுங்கள், ஒன்று கைக்கு, மற்றது டிஸ்க்குக்கு. கடலில் விழுந்த டிஸ்க்கை வெறுமனே துடைத்தால் உப்புப் படலம் தங்கிப் பிசுபிசுக்கும் என்பதால், முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் மணலையும் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் இறுக்கிப் பிடிக்கும் சுட்டுவிரலின் தோல்தான் முதலில் உரியும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வந்து எறிபவர்களுக்கு எந்தத் தூளும் உதவாது.

வடகடல்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியர் ஐயா கேட்டபடி, பக்கத்து வீட்டுப் பிள்ளையை எனக்கு நேர் பின்னால் நிறுத்திக் கவனிக்கச் சொன்னேன். பெரும்பாலானவை நேராகப் புறப்பட்டுப் பின்புதான் கவிழ்கின்றன. கையிலிருந்தே வலப்பக்கம் போனவை மிகச் சில. அதிகாலையில் எறிந்தபோது அதே லெப்பர்ட், அதே பிடியில், ஏறக்குறைய நேராகவே சென்றது. கட்டைவிரலை விளிம்புக்கு அருகில் கொண்டுவந்து மணிக்கட்டைத் தாழ்த்தியதில் ஷார்க் முன்பைவிடத் தாழ்வாகவும் அமைதியாகவும் பறக்கிறது. மூன்று விரல் பிடி என் கைக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இன்னொரு கேள்வி. கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து பந்தைப் பக்கவாட்டில் வீசிப் பழகிய எனக்கு ஃபோர்ஹேண்ட் இயல்பாக வருகிறது. ஆனால் டிஸ்க் தள்ளாடிக்கொண்டே போகிறது. அதற்கான பிடி எது?

பனைமரத்தடி:

பந்து வீசிப் பழகிய கை, முடிவில் உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் புரட்டிவிடும். தள்ளாட்டத்துக்கு முதல் காரணம் அதுவாகத்தான் இருக்கும். எறிந்து முடித்த பிறகும் உள்ளங்கை வானத்தைப் பார்த்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிடியைப் பொறுத்தவரை, சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய இரண்டு மட்டுமே உள்ளே வர வேண்டும். நடுவிரலின் பக்கவாட்டுச் சதை உள்விளிம்பின் சுவரில் உறுதியாகப் பதிய வேண்டும், ஏனெனில் எறியும்போது டிஸ்க் கடைசியாக விடைபெறும் இடம் அதுதான். சுட்டுவிரலை நடுவிரலோடு ஒட்டி வைத்தால் விசை கூடும். பிரித்து நடுப்பகுதியை நோக்கி நீட்டினால் தட்டுக்குத் தாங்கல் கிடைத்துத் தள்ளாட்டம் குறையும், ஆனால் தொலைவும் சற்றுக் குறையும். நீங்கள் இப்போதைக்குப் பிரித்து வைத்தே தொடங்குங்கள். சீராகப் போகத் தொடங்கியதும் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலான கவட்டையில் டிஸ்க் இடைவெளியின்றி அழுந்தியிருக்கட்டும்.

பெட்டியில் வைக்கச் சொன்ன டெஸ்ட்ராயரை இதற்காக வெளியே எடுக்கலாம். ஃபோர்ஹேண்டில் இரண்டு விரல்களே விளிம்பைப் பிடிப்பதால் அதன் அகலம் உங்கள் சிறிய கைக்கு இடையூறாகாது. மணிக்கட்டு சிறிது புரண்டாலும் அவ்வளவு எளிதில் கவிழாத டிஸ்க் அது. தொலைவை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கச்சான் காற்று:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், தம்பி. வலக்கை ஃபோர்ஹேண்டில் டிஸ்க் எதிர்த்திசையில் சுழல்வதால், முடிவில் வலப்பக்கம் சாயும். மேற்கு நோக்கி எறிந்தால் அது நேராகக் கடல்தான். கிழக்கு நோக்கித் திரும்பி நின்று பழகுங்கள். கச்சான் பின்னாலிருந்து வருவதால் டிஸ்க் சற்று முன்னதாகவே வலப்பக்கம் இறங்கும், ஆனால் அங்கே உங்களுக்கு வலப்பக்கம் இருப்பது தோப்பு. எறிவதற்கு முன் பிள்ளைகள் அந்தப் பக்கம் நிற்கவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூர்விளிம்பு கொண்ட டிஸ்க் முகத்தில் பட்டால் காயம் ஆழமாக இருக்கும்.