லண்டனில் ஓதிய நிக்காஹ் சட்டப்படி செல்லாதாமே? தங்கைக்காகக் கேட்கிறேன்

காயல்_லாத்தா:
அஸ்ஸலாமு அலைக்கும். என் தங்கை மாணவர் விசாவில் லண்டன் போனவள். 2019-இல் ஈஸ்ட் ஹாமில் ஒரு மண்டபத்தில் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை அங்கேயே பிறந்தவர், பூர்வீகம் நம்ம பக்கம்தான். வாப்பா இங்கிருந்து போய் வலியாக, அதாவது பெண்ணின் பொறுப்பாளராக நின்றார்கள், ஹஜ்ரத் குத்பா ஓதினார், மாப்பிள்ளை கொடுக்கும் மஹரை எழுதி சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள், முந்நூறு பேர் வலீமா சாப்பிட்டார்கள். இப்போது இரண்டு பிள்ளைகள். போன மாதம் வாட்ஸப்பில் மூன்று தலாக் அனுப்பிவிட்டு வீட்டைக் காலி செய் என்கிறார். வீடு அவர் பெயரில். வக்கீலிடம் போனால், சட்டப்படி உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை, விவாகரத்து கேட்க முடியாது என்றாராம். அவருடைய துணை என்று சொல்லித்தானே 2022-இல் இவளுக்கு விசாவே கொடுத்தார்கள்? அது எப்படி அங்கே துணை, இங்கே யாரோ? உம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. இதில் மாமி மகளுக்கும் லண்டன் மாப்பிள்ளை பேசி முடித்திருக்கிறது, நிக்காஹை அங்கேயே வைக்கலாம் என்கிறார்கள்.

லீசெஸ்டர்வாசி:
வஅலைக்குமுஸ்ஸலாம் லாத்தா. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் வக்கீல் சொன்னது சரிதான். இங்கிலாந்தில் 1949 திருமணச் சட்டப்படி, பதிவு அலுவலகத்திலோ, திருமணத்துக்கென்று பதிவான பள்ளிவாசலிலோ, அரசு அனுமதி பெற்ற வேறு இடத்திலோ, முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து நடந்தால்தான் அது கல்யாணம். மண்டபத்தில் ஹஜ்ரத் ஓதியது மார்க்கப்படி நிக்காஹ், சட்டத்தின் கண்ணில் ஒன்றுமே இல்லை. சவுத்ஹாலில் 1998-இல் ஓர் உணவகத்தில் நிக்காஹ் ஆன பெண், நான்கு பிள்ளைகளுக்குத் தாய், இதைக் கேட்டு நீதிமன்றம் போனார். 2018-இல் நீதிபதி, இது செல்லாத திருமணம் என்றாலும் 'திருமணம்' என்ற கணக்கில் வரும் என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் ஜீவனாம்சம், சொத்துப் பங்கு எல்லாம் இருக்கிறது, ஏனென்றால் செல்லாத திருமணத்துக்கும் அவற்றைக் கேட்கும் உரிமை உண்டு. அரசு மேல்முறையீடு போனது. 2020 பிப்ரவரியில், இது செல்லாத திருமணம்கூட இல்லை, திருமணக் கணக்கிலேயே வராத ஒரு சடங்கு என்று தீர்ப்பை மாற்றிவிட்டார்கள்.

விசா கதை வேறு. அங்கே கல்யாணம் ஆகாத துணைக்கும் இடம் உண்டு, இரண்டு வருட உறவைக் காட்டினால் போதும். உங்கள் தங்கைக்கு அந்த வகையில்தான் கொடுத்திருப்பார்கள், தாளை எடுத்துப் பாருங்கள்.

மேலப்பாளையம்_பொண்ணு:
எனக்கு நேர் எதிராக நடந்தது. நிக்காஹ் ஊரில், ஜமாஅத் தப்தரில் எழுதி, தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடமும் பதிந்திருந்தோம். நடந்த நாட்டில் செல்லும் கல்யாணத்தை இங்கிலாந்தும் ஏற்கும். அதனால் அவர் லண்டனில் இருந்துகொண்டு தலாக் சொன்னது ஒன்றுமில்லாமல் போனது. பிரிட்டனுக்குள் நீதிமன்றம் வழியாக வராத விவாகரத்தை அங்குள்ள 1986 குடும்பச் சட்டம் ஏற்பதில்லை. நான் முறையாக மனுப் போட்டேன். 2022 ஏப்ரலில் இருந்து குற்றம் யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வீட்டில் பங்கும் கிடைத்தது. அதே ஹஜ்ரத், அதே குத்பா, அதே மஹர், ஊரில் ஓதினால் நான் மனைவி, ஈஸ்ட் ஹாமில் ஓதினால் இல்லை. இதை எத்தனை ராத்தாமாருக்குச் சொல்லியிருப்பேன், யாரும் நம்புவதில்லை.

லாத்தா, தங்கையைக் கோபத்தில் வீட்டைவிட்டு வெளியேற வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டுக்கடனுக்கோ பழுதுபார்க்கவோ அவள் பணம் கொடுத்திருந்தால் அந்த வங்கிக் கணக்கு விவரம் முழுக்க எடுத்து வைக்கட்டும், அதை வைத்து உரிமை கேட்க வழி உண்டு. பிள்ளைகளுக்கான செலவுக்குத் தகப்பன் பொறுப்பு, கல்யாணம் செல்லாவிட்டாலும். 1989 குழந்தைகள் சட்டத்தில் பிள்ளைகள் வளரும்வரை தங்க வீடுகூடக் கேட்கலாம்.

லீசெஸ்டர்வாசி:
அவர் சொன்னதோடு இதையும் பாருங்கள். உறவு முறிந்தது என்று தெரிந்தால் உள்துறை அவள் விசாவைச் சுருக்கலாம். தகப்பன் பிரிட்டிஷ்காரர் என்பதால் பிள்ளைகளும் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர்கள்தான், அப்படியானால் பெற்றோர் வகையில் விண்ணப்பிக்கலாம். அடி, மிரட்டல், காசைப் பிடுங்கிக்கொள்வது என்று ஏதாவது நடந்திருந்தால் அதற்கென்று நிரந்தர அனுமதி கேட்கும் வழி தனியாக இருக்கிறது, துணை விசாவில் இருப்பவர்களுக்கும் அது பொருந்தும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், குடியேற்ற வக்கீலிடம் இந்த வாரமே பேசச் சொல்லுங்கள். ஷரீஆ கவுன்சிலில் குலா, அதாவது பெண் கேட்டுப் பெறும் மார்க்க மணமுறிவு, வாங்குவது அவள் மறுபடி நிக்காஹ் செய்யத்தான் உதவும், விசாவுக்கும் வீட்டுக்கும் உதவாது.

காயல்_லாத்தா:
அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும். அவள் சம்பளத்தில் இருந்து மாதாமாதம் அவர் கணக்குக்குப் போட்டிருக்கிறாள், எல்லாம் போனிலேயே இருக்கிறதாம். அடி உண்டா என்று கேட்டேன், பதில் சொல்லாமல் அழுதாள். மாமி மகள் விஷயத்தில் என்ன செய்வது?

மேலப்பாளையம்_பொண்ணு:
அந்த அழுகையை வக்கீலிடம் சொல்லச் சொல்லுங்கள் லாத்தா, தயவுசெய்து. மாமி மகளுக்கு நிக்காஹை ஊரிலேயே வையுங்கள், 90 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், பிறகு மனைவி விசா. லண்டனில்தான் என்றால் அதற்கு வருங்கால மனைவி விசாவில் போய், நோட்டீஸ் கொடுத்துக் காத்திருந்து, பதிவு அலுவலகத்தில் கையெழுத்து முடிந்த பிறகே ஹஜ்ரத்தைக் கூப்பிடுங்கள். வேறு ஊர் மாப்பிள்ளை என்றால் அவர் ஜமாஅத்தில் இருந்து கடிதம் வராமல் நம் ஜமாஅத் நிக்காஹ் ஓதாது, இல்லையா? அதே கண்டிப்போடு வலியாக நிற்பவர் அந்தப் பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். மாமா தயங்கினால் என்னிடம் போனைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.