பழைய பொலேரோவில் பெரிய டயரும் வெளியில் வாங்கிய அலாய் வீலும்: ஸ்டீயரிங் நடுக்கத்திற்கும் பம்பர் உரசலுக்கும் வழி வேண்டும்

ஒடுகத்தூர் வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். 2011ஆம் ஆண்டு பதிவான மஹிந்திரா பொலேரோ ஒன்றைப் பொங்கலுக்குப் பிறகு வேலூரில் வாங்கினேன். என் மனைவி பீஞ்சமந்தையில் பணிபுரிவதால் வாரந்தோறும் மலையேறி இறங்க வேண்டியிருக்கிறது; திரும்பும்போது சில சமயம் சாமை, புளி மூட்டைகளும் பின்னால் ஏறும். எஞ்சினைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. முந்தைய உரிமையாளர் மாட்டிய சக்கரங்கள்தான் கவலை தருகின்றன.

வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 215/75 ஆர் 15 அளவு டயரும் (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம்) இரும்பு ரிம்மும். இப்போது நான்கு சக்கரங்களிலும் 245/75 ஆர் 16 டயர்கள் வெளியில் வாங்கிய அலாய் வீல்களோடு இருக்கின்றன. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் 70ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. வீல் பேலன்சிங் செய்து பார்த்தும் குறையவில்லை. மலைப்பாதை வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் முன்சக்கரம் பம்பரின் மூலையில் உரசுகிறது. முன்டயர்களின் வெளி ஓரம் மற்ற இடங்களைவிட வேகமாகத் தேய்ந்திருக்கிறது. மலையேறும்போது இரண்டாவது கியரில் இழுக்க வேண்டிய இடத்திலும் முதல் கியருக்குப் போக வேண்டியிருக்கிறது.

நான் போன டயர் கடையில் பம்பரை வெட்டினால் போதும் என்றார்கள். வெட்டுவதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள நினைக்கிறேன்.

காட்பாடி மெக்கானிக்:

தம்பி, பம்பரை இப்போதைக்கு வெட்ட வேண்டாம். நீங்கள் சொல்லும் நான்கு குறைகளும் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. ஆகவே தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் டயரின் விட்டம். 215/75 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 703 மில்லிமீட்டர். 245/75 ஆர் 16 டயருக்கு 774 வரும். அதாவது சரியாகப் பத்து சதவீதம் பெரியது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது, பழைய டயரில் இருந்திருக்கக்கூடிய வேகத்தைவிட ஆறு கிலோமீட்டர் கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். எஞ்சின் தரும் இழுவை தரையைச் சேரும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் குறைந்துவிடும் என்பதால்தான் இரண்டாவது கியர் திணறுகிறது. ஏறுவதில் தெரிகிற இந்தக் குறை இறங்கும்போதும் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பிரேக் அதே பழைய பிரேக்தான், ஆனால் அது நிறுத்த வேண்டிய சக்கரம் பெரியதாகவும் கனமாகவும் ஆகிவிட்டது. கியரில் போட்டு இறங்கும்போது எஞ்சின் பிடித்துவைக்கும் பலமும் அதே அளவுக்குக் குறையும். மூட்டை ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் உங்களைப் போன்றவருக்கு உரசலைவிட இதுதான் முக்கியம்.

இரண்டாவது, ரிம்மின் அகலமும், அது ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டப்படும் அச்சு முனையில், உட்காரும் ஆழமும். அலாய் வீலின் உள்பக்கத்தில் சில எழுத்துகள் அச்சிட்டிருக்கும்; அகலத்தை 7 ஜே, 8 ஜே என்று அங்குலத்திலும், ஆஃப்செட்டை (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை) இ.டி. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மில்லிமீட்டரிலும் குறித்திருப்பார்கள். அதைப் படித்துச் சொல்லுங்கள். ஸ்டெப்னியைக் கழற்றி முகம் தரையைப் பார்க்கும்படி கிடத்தி, மேல் விளிம்பின் குறுக்கே ஒரு நேரான கம்பியை வைத்து, கம்பியிலிருந்து ஹப்பில் ஒட்டும் தட்டையான முகம்வரை எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதிவையுங்கள். பிறகு அலாய் வீல் ஒன்றையும் அதே விதமாக அளந்து பாருங்கள். உரசல் உள்பக்கத்து அளவால் வருகிறதா, வெளியே தள்ளி நிற்பதால் வருகிறதா என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

வீலைக் கழற்றும்போது இன்னும் இரண்டைக் கவனியுங்கள். வீலின் நடு ஓட்டை ஹப்பின் மீது இறுக்கமாக உட்காருகிறதா, அல்லது சுற்றிலும் இடைவெளி இருக்கிறதா? ஒவ்வொரு நட்டும் எத்தனை முழுச் சுற்றுக்குப் பிறகு கழன்று வருகிறது?

குடியாத்தம் ஓட்டுநர்:

என்னிடமும் பொலேரோதான் இருக்கிறது. பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் கூடுதல் இலை வைத்து, முன்பக்கத்தையும் சற்று உயர்த்திவிட்டால் 245 டயர் தாராளமாகச் சுற்றும் என்பது என் கருத்து. மழைக்காலத்தில் மலைப்பாதையில் கல்லும் பள்ளமும் இருக்கும்போது தரைக்கும் வண்டிக்கும் இடையே கிடைக்கும் உயரம் பெரிய உதவி. பெரிய டயரை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

காட்பாடி மெக்கானிக்:

உயரம் தேவை என்பதை மறுக்கவில்லை, ஐயா. ஆனால் டயர் பெரிதாவதால் கிடைக்கும் உயரம் விட்டத்தின் வித்தியாசத்தில் பாதிதான். 245/75 ஆர் 16 போட்டால் மூன்றரை சென்டிமீட்டர் கிடைக்கும். 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் 733 ஆகி, ஒன்றரை சென்டிமீட்டர் கிடைக்கும். மீதியுள்ள இரண்டு சென்டிமீட்டருக்காகப் பிரேக்கையும் கியரையும் கிளட்சையும் விட்டுக்கொடுப்பது, குடும்பத்தோடு மலை இறங்குகிற வண்டிக்குச் சரியல்ல என்பதே என் தீர்மானமான எண்ணம். பட்டையில் இலை சேர்ப்பது பாரத்திற்கு உதவும். ஆனால் முன்பக்கத்தை உயர்த்தினால் ஸ்டீயரிங் கோணங்கள் மாறும், முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் பால் ஜாயின்டுகள் சாய்ந்த நிலையிலேயே வேலை செய்யும். ஏற்கெனவே ஒருபக்கமாகத் தேய்கிற டயர் இன்னும் வேகமாகத் தேயும்.

ஒடுகத்தூர் வாசகர்:

ஐயா, நீங்கள் சொன்னபடி அளந்துவிட்டேன். அலாய் வீலில் 16, 8 ஜே, இ.டி. 0 என்று அச்சிட்டிருக்கிறது. கம்பி வைத்து அளந்த ஆழம் ஸ்டெப்னிக்கும் அலாய்க்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. வெளிப்பக்கம் பார்த்தால் முன்டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நிற்கிறது. மழையில் சேறு கதவுக் கைப்பிடிவரை அடிப்பதற்குக் காரணம் இதுதான் போலிருக்கிறது.

வீலைக் கழற்றியபோது அதன் பின்னால், ஹப்பின் மேல், விரல் தடிமனில் ஓர் அலுமினியத் தட்டு இருந்தது. இரண்டு முன்சக்கரங்களிலும் இருக்கிறது, பின்சக்கரங்களில் இல்லை. முன் நட்டுகள் ஐந்து சுற்றுக்கூட முழுமையாகப் பிடிக்கவில்லை; பின்பக்க நட்டுகளுக்கு அதைவிட நிறையச் சுற்று இருக்கிறது. நடு ஓட்டைக்கும் ஹப்புக்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற இடைவெளியும் உண்டு. ஒரு நட்டின் கூம்பு முனையில் பளபளவென்று ஒருபக்கம் மட்டும் தேய்ந்த தடம் தெரிகிறது.

காட்பாடி மெக்கானிக்:

தம்பி, அந்தத் தட்டோடு வண்டியை இனி எடுக்காதீர்கள். ஒருநாள்கூட வேண்டாம், மலைக்கு நிச்சயமாக வேண்டாம்.

அதன் பெயர் ஸ்பேசர். ஒரு நட்டு, ஸ்டட்டின் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரையுள்ள கம்பியின்) விட்டம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு நீளத்திற்காவது மரையைப் பிடித்திருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட், 1.5 மில்லிமீட்டர் மரை என்றால் எட்டுச் சுற்று ஆகிறது. ஸ்டட் தடித்ததாகவோ மரை நெருக்கமாகவோ இருந்தால் அதற்கும் மேல். ஐந்து சுற்றில் நிற்கும் சக்கரம், பள்ளத்தில் விழும்போதெல்லாம் மரையைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டிருக்கும். அந்த ஸ்டட்டுகளில் மரை மழுங்கியிருந்தால் அவற்றை அடித்தெடுத்துப் புதியது போடுங்கள், நட்டுகளையும் மாற்றிவிடுங்கள்.

நடுக்கத்திற்கான காரணமும் இங்கேயே கிடைத்துவிட்டது. உங்கள் அலாயின் ஓட்டை ஹப்பைவிடப் பெரியது, ஆகவே சக்கரம் ஹப்பின் மேல் உட்காராமல் நட்டுகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நட்டின் கூம்பும் வீலின் குழியும் ஒரே கோணத்தில் இல்லையென்றால் நட்டு ஒருபக்கம் மட்டும் அழுத்தும். நீங்கள் பார்த்த பளபளத் தடம் அதற்கு அடையாளம். சக்கரம் நடுவிலிருந்து ஒரு நூல் விலகி உட்கார்ந்தாலும் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தைத் தன்னுடைய கூம்பில் நடுவாகப் பிடித்துச் சுற்றுவதால் அங்கே எந்தக் குறையும் தெரியாது. வண்டியில் மாட்டிய பிறகுதான் தெரியும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் பயன் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம்.

உரசலுக்கு வருவோம். உள்பக்க ஆழம் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால், 8 அங்குல ரிம்மின் கூடுதல் அகலம் முழுவதும் வெளியே போயிருக்கிறது; முன்பக்கத்தில் அதற்கும் மேல் ஸ்பேசரின் தடிமன் சேர்ந்திருக்கிறது. உள்ளே உரசாமல் இருக்கத்தான் அந்த ஸ்பேசரை வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சக்கரத்தின் நடுக்கோடு ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து விலக விலக, கையை நீட்டிப் பிடித்த குடம் கனப்பது போல, சாலையின் ஒவ்வொரு அடியும் பால் ஜாயின்டிலும் பேரிங்கிலும் பல மடங்காக விழும்.

ஆகவே முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, கீழே ஸ்டாண்டு கொடுத்த பிறகு, டயரின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயின்டோ போயிருக்கிறது. இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனையைப் பார்க்க வேண்டும். இவற்றைச் சரிசெய்யாமல் அலைன்மென்ட் செய்வது பணத்தை வீணாக்குவது. வெளி ஓரத் தேய்மானத்தில் எவ்வளவு டோ அளவால் (முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே பார்த்து நிற்கும் அளவால்) வந்தது என்பது அதற்குப் பிறகுதான் தெளிவாகும்.

ராணிப்பேட்டை வாசகர்:

வண்டி 2011 என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். பதினைந்து ஆண்டு முடியும்போது 25ஆம் எண் படிவத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மட்கார்டுக்கு வெளியே நிற்கும் சக்கரங்களோடு ஆய்வுக்குப் போனால் ஆய்வாளர் கேள்வி கேட்பது இயல்பு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் கேட்கும். புதுப்பித்தலுக்குக் கம்பெனி ரிம்மோடு போவது நல்லது. மேற்கொண்டு எந்தப் புது ரிம் வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒடுகத்தூர் வாசகர்:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஸ்பேசர்களை எடுத்துவிட்டு, வேலூரில் கிடைத்த நான்கு பழைய இரும்பு ரிம்களைச் சுழற்றிப் பார்த்து, கோணல் இல்லாதவற்றை வாங்கி மாட்டியிருக்கிறேன். முன்பக்க ஸ்டட்டுகள் எல்லாம் புதியவை. இடப்பக்கப் பேரிங்கில் ஆட்டம் இருந்ததால் அதையும் மாற்றினோம். இப்போதைக்கு இரவல் டயர்களில் ஓடுகிறது. 80இல்கூட ஸ்டீயரிங் அமைதியாக இருக்கிறது, உரசலும் இல்லை.

புது டயர் 215 வாங்குவதா, 235/75 ஆர் 15 வாங்குவதா என்பதுதான் மீதியுள்ள கேள்வி. காற்றழுத்தம் எவ்வளவு வைக்க வேண்டும் என்றும், ஸ்டெப்னியைப் பழையபடி விடலாமா என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

காட்பாடி மெக்கானிக்:

பதிவு புதுப்பிக்கும்வரை 215இலேயே இருங்கள். பழைய அளவு டயரில் யாரும் கேள்வி கேட்க முடியாது. அதன் பிறகும் மலைக்கு உயரம் போதவில்லை என்று உங்களுக்கே தோன்றினால் 235/75 ஆர் 15ஐ யோசிக்கலாம். ரிம்மில் 6 ஜே அல்லது அதற்கு மேல் அச்சிட்டிருக்க வேண்டும், அதற்குக் குறைந்த ரிம்மில் அந்த டயர் சரியாக உட்காராது. விட்ட வித்தியாசம் நாலு சதவீதத்துக்குச் சற்று மேல். ஸ்பீடோமீட்டர்கள் பொதுவாக உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டுவதால் அது பெரிதாக உறுத்தாது. வாங்கும்போது டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. கடையில் நெடுநாள் கிடந்த டயரைத் தள்ளுபடிக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பார எண் 100க்குக் குறையக் கூடாது. 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ.

காற்றழுத்தம் வண்டிக் கையேட்டில் உள்ளபடி, காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். மூட்டை ஏற்றும் நாளில் பின்பக்கத்துக்குக் கையேடு சொல்லும் கூடுதல் அளவைக் கொடுங்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலில் மதியம் அளந்தால் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகத்தான் காட்டும். டயருக்குள் இருக்கும் காற்று 5, 6 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் இரவில் டயர் தளர்ந்துபோகும், தளர்ந்த டயர்தான் மறுநாள் வெயிலில் சூடாகி வெடிக்கும்.

ஸ்டெப்னி, 215 போட்டிருக்கும்வரை அதே அளவு என்பதால் கவலை இல்லை; வயதை மட்டும் பாருங்கள். 235க்கு மாறினால் ஐந்தாகவே வாங்கிவிடுங்கள். பின் ஆக்சிலில் ஒருபக்கம் பெரியதும் மறுபக்கம் சிறியதுமாக ஓடினால் நேர்ச்சாலையில்கூட, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்கள் இடைவிடாமல் சுழன்றுகொண்டிருக்கும். பக்கத்துப் பஞ்சர் கடைவரை போகலாம், மலையேறக் கூடாது. புது ஸ்டட் போட்டிருப்பதால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் எதிரெதிராக மாற்றி மாற்றி, டார்க் ரிஞ்சு (முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து ஒருமுறை சரிபாருங்கள். கழற்றிய அலாய்களை விற்பதாக இருந்தால் ஸ்பேசர்களைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அவற்றைப் பழைய அலுமினியமாக எடைக்குப் போட்டுவிடுங்கள்.