கிரிப் கூடினால் போதும் என்று நினைத்தேன்; ஆக்ஸில் போனது

கிளட்ச்காரன்:
டிராக் ரேஸ் (402 மீட்டர் நேர்கோட்டு ஓட்டம்) ஓட்டுகிறேன். என் வண்டி பின்சக்கர இயக்கம், மேனுவல் கியர். சாதாரண டயரில் பச்சை விளக்கு விழுந்ததும் புகைதான் வரும், வண்டி வராது. நன்றாக ஒட்டுகிற டயர் போட்டால் சரியாகிவிடும் என்று டிராக் ரேடியல் (சாலையிலும் ஓட்டக்கூடிய ரேஸ் டயர்) வாங்கினேன். இரண்டாவது ஓட்டத்தில் 5,000 ஆர்பிஎம்மில் கிளட்சைச் சட்டென்று விட்டேன். டயர் கொஞ்சம்கூடச் சறுக்கவில்லை. ‘டக்’கென்று ஒரு சத்தம். இன்ஜின் உறுமுகிறது, கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆக்ஸில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) இரண்டு துண்டு! அதுவரை டயர் வழுக்கித்தான் ஆக்ஸிலைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பயாஸ் ஸ்லிக்குக்கு (உள் இழைகள் குறுக்காக அமைந்த, பள்ளமே இல்லாத ரேஸ் டயர்) மாறினேன். அதன் பக்கச் சுவர் இளக்கமானது. நண்பர் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். முதலில் ரிம் திரும்புகிறது. ரப்பர் தரையைப் பிடித்தபடி கசங்கிய துணி மாதிரி மடிகிறது, பிறகுதான் நிமிர்ந்து வண்டியைத் தள்ளுகிறது. கிளட்ச் விடுகிற அதிர்ச்சியை அந்த மடிப்பு வாங்கிக்கொள்கிறது. ஆனால் 402 மீட்டர் கோட்டை நெருங்கும்போது பின்பக்கம் ஆடியது, வயிற்றைக் கலக்கிவிட்டது. முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்று கலந்து போட்டிருந்தேன். முன்னாலும் பயாஸ் போட்ட பிறகு ஆட்டம் அடங்கியது.

ஆட்டோ கியர்:
எனக்கு நேர்மாறான அனுபவம். டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையைத் திரவம் வழியாகக் கியருக்குக் கடத்தும் பாகம்) இருப்பதால் கிளம்பும்போது அவ்வளவு பெரிய அடி விழாது. அதனால் டிராக் ரேடியலே போதும், ஓட்டம் முடிந்து அதே டயரில் வீட்டுக்கும் போகலாம் (மழை வராத வரை). என்னைப் படுத்தியது டயர் காற்றுதான். 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வழுக்கியது, 17இல் கச்சிதமாகப் பிடித்தது. ஆசை விடவில்லை, 13க்கு இறக்கினேன். மறுபடி வழுக்கல்! பர்ன்அவுட் (டயரைச் சூடாக்க நின்ற இடத்திலேயே சுழற்றுவது) தடத்தைப் பார்த்தால் இரண்டு ஓரமும் கறுப்பு, நடுவில் வெளிறியிருந்தது. நடுப்பகுதி தரையில் சரியாக அழுந்தவே இல்லை. 100 வரை காட்டும் காற்றழுத்தக் கேஜில் இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. 30 வரை உள்ளதை வாங்குங்கள்.

இன்னொன்று: பள்ளம் உள்ள டயரோடு தண்ணீர்ப் பெட்டிக்குள் (பர்ன்அவுட்டுக்காக நனைத்து வைத்திருக்கும் இடம்) போகாதீர்கள். நான் போனேன். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் ஸ்டார்ட் கோட்டில் சொட்டியது, எனக்குப் பின்னால் நின்றவர் முறைத்தார். இப்போது சுற்றிக்கொண்டு போய், உலர்ந்த தரையில்தான் பர்ன்அவுட்.

கிளட்ச்காரன்:
காற்று என்றதும் ஞாபகம் வருகிறது: காற்றைக் குறைத்தால் டயர் ரிம்மின் மேலேயே நழுவலாம். ஸ்லிக் மாட்டியதும் ரிம்மிலிருந்து டயர் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். எனக்கு ஒரே ஓட்டத்தில் கோடு இரண்டாகி, ரிம்மில் இருந்த பாதிக்கும் டயரில் இருந்த பாதிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. டயர் தரையைத்தான் பிடித்திருந்தது, ரிம்மை அல்ல. ரிம் ஓரத்தில் திருகாணி போட்டு இறுக்கிய பிறகு கோடு நகரவில்லை.