வட்டமான தட்டு: வளர்ந்த பிறகு படித்தால் என்ன மிஞ்சுகிறது?

அரசலாறு (கும்பகோணம்):
மகளுக்காக அழ. வள்ளியப்பாவின் பாட்டுப் புத்தகத்தைப் படத்தோடு வாங்கினேன். சின்ன வயதில் அந்த லட்டுப் பாட்டு எனக்கு உயிர். இப்போது படித்தால் ஓசையைத் தவிர ஒன்றும் நிற்கவில்லை. தட்டு, லட்டு, எட்டு, பிட்டு. 'ட்டு' வரவேண்டும் என்பதற்காகவே அண்ணன் கிட்டு, தங்கை பட்டு. 1944இல் 23 பாடல்களோடு 'மலரும் உள்ளம்' வந்தபோது அது பெரிய காரியம். இன்றைக்குப் போதாது.

வெண்ணாறு (தஞ்சாவூர்):
ஓசை மட்டும்தானா? நிதானமாகப் பாருங்கள் சார். "எட்டில் பாதி விட்டு எடுத்தான் மீதம் கிட்டு." தங்கை இன்னும் பாட்டுக்குள் வரவே இல்லை, அதற்குள் அவள் பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் தட்டில் கை வைக்கிறான். பகிர்ந்து சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் நாலும் நாலும் எட்டு என்று கணக்கையும் சரிபார்த்து, காலித் தட்டில் முடிக்கிறார். லட்டு, எட்டு, கிட்டு எல்லாவற்றிலும் இரண்டாம் எழுத்து 'ட்', கடைசி எழுத்து 'டு'. எதுகையும் இயைபும் ஒரே சொல்லில். இத்தனை நெருக்கடியில் பொருள் கொஞ்சமும் பிசகவில்லை. இது எனக்கு இந்த வயதில்தான் புரிகிறது.

குடமுருட்டி (பாபநாசம்):
நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டு, எட்டுப் புளியங்கொட்டை வைத்துத்தான் இதைப் பாடுவோம். பாட்டு முழுவதும் மனப்பாடமாக இருக்கும் பிள்ளைகூட 'பாதி' வந்ததும் கையை நிறுத்திவிடும். சிலது அஞ்சை ஒரு பக்கம் தள்ளும். அப்புறம் பக்கத்துப் பிள்ளை சண்டைக்கு வரும், ஒன்று இந்தப் பக்கம் திரும்பும். பாதி என்றால் என்ன என்று அங்கேதான் பிடிபடுகிறது, தம்பி.

அரசலாறு:
அக்கா, அது உங்கள் கெட்டிக்காரத்தனம். புளியங்கொட்டை புத்தகத்தில் இல்லையே. என் ஆதங்கம் வேறு. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால், நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று ஊரே காத்திருக்கிறது. நாற்றங்கால், நடவு, வரப்பு நண்டு இதெல்லாம் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு இன்னும் லட்டும் சேலத்து மாம்பழமும்தானா?

குடமுருட்டி:
நண்டு வந்தால் எங்கள் பிள்ளைகள் விடவே மாட்டார்கள். அதை ஒத்துக்கொள்கிறேன்.

வெண்ணாறு:
நானும்தான். ஆனால் அதற்காக லட்டுத் தட்டை ஏன் தூக்கவேண்டும்? வாய்க்கால் பாட்டு வரட்டும். மூன்று முறை கேட்டதும் பிள்ளை தானாகப் பாடவேண்டும், நடுவில் ஒரு சொல்கூட ஓசைக்காக இடித்துச் செருகியதாக இருக்கக்கூடாது. அந்த அளவுக்கு எழுதி வந்த ஒன்றைக் காட்டுங்கள், என் பேரனுக்கு நானே வாங்கிக் கொடுக்கிறேன்.

அரசலாறு:
தேடுகிறேன் சார். கிடைக்காவிட்டாலும் என் கேள்வி அப்படியேதான் நிற்கும்.