வீட்டு ரீமாடலிங் சொதப்பல்: காண்ட்ராக்டரோடு மல்லுக்கு நின்றவர்கள் எப்படி முடித்தீர்கள்?

பெரம்பூர் மாடிவீடு:

எங்கள் வீடு 1986-இல் கட்டியது. கீழே அப்பா, மாடியில் நாங்கள். 2023 பிப்ரவரியில் மாடியில் இருக்கும் இரண்டு பாத்ரூமையும் சமையலறையையும் இடித்துப் புதுசாகச் செய்ய ஒருவரிடம் விட்டோம். பேசிய தொகை 6,80,000. டைல்ஸும் குழாய் சாமான்களும் நானே வாங்கிக் கொடுத்தேன், அது தனிக் கணக்கு.

முதல் தப்பு என்னுடையது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயந்திரம் நாலு மணிக்கு போன் வரும், "சார், பசங்களுக்கு வாரக் கூலி கொடுக்கணும், ஒரு நாப்பது போட்டு விடுங்க". நானும் போட்டு விடுவேன். பாத்ரூமில் டைல்ஸ் பாதி ஒட்டியிருந்தபோது கணக்குப் பார்த்தால் 5,60,000 போயிருந்தது. எந்த வேலை முடிந்தால் எவ்வளவு என்று ஒரு வரி கூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை. கொட்டேஷன் என்று என்னிடம் இருந்ததே வாட்ஸப்பில் வந்த ஒரு போட்டோதான், அவர் கையெழுத்தில் பதினோரு வரி.

மே மாதம் வேலை முடிந்தது. ஜூலையில் அப்பா அறையின் கூரையில், சரியாக மாடி பாத்ரூமுக்குக் கீழே, தட்டு அகலத்துக்கு ஓதம். பத்து நாளில் பெயிண்ட் கொப்பளித்து அவர் கட்டில் மேலேயே உதிர ஆரம்பித்தது. காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால், "பழைய வீடு சார், லைன் எங்கயாவது லீக் ஆகும், பிளம்பரைப் பாக்கச் சொல்றேன்" என்றார். பிளம்பர் வந்து டைல்ஸ்காரர் வாட்டம் சரியாக விடவில்லை என்றார். டைல்ஸ்காரரோ வாட்டர் ப்ரூஃபிங் போட்ட ஆள் வேறு என்றார். ஒரு மாதம் இப்படியே ஓடியது. நான் போனில் கத்தினேன், அவர் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அப்பா ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். என் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒருநாள் மெதுவாக மாடி ஏறி வந்தார். கையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம், ஒரு சாக்பீஸ். பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு டைலாக நாலு மூலையிலும் நடுவிலும் தட்டினார். உள்ளே கலவை பிடித்திருந்தால் 'டிக்', பொக்கையாக இருந்தால் 'டொக்'. டொக் வந்ததில் எல்லாம் பெருக்கல் குறி. மொத்தம் 112-இல் 41. அப்புறம் பேரனின் கோலிக்குண்டை வாங்கித் தரையில் விட்டார். அது தண்ணீர் போகிற ஜாலி பக்கம் போகாமல் நேராக வாசற்படிக்கு வந்து நின்றது. "எழுதிக்கோடா" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக இந்தச் சண்டையில் காகிதத்தில் ஒன்று எழுதினேன்.

தெரிந்தவர் மூலமாக, பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தோம். 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர் சொன்ன முதல் வார்த்தை, "காண்ட்ராக்டரையும் வரச் சொல்லுங்க, அவர் இல்லாம நான் எதையும் சோதிக்க மாட்டேன்". மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார் என்றதும் ஆச்சரியமாக அவரும் வந்தார்.

முதலில் குழாய் லைன். எல்லா வாயையும் அடைத்துக் கைப்பம்பு வைத்து ஏழு கிலோ பிரஷர் ஏற்றி ஒரு மணி நேரம் விட்டோம். முள் அசையவில்லை. லைனில் குற்றமில்லை என்று அங்கேயே முடிந்தது. அடுத்தது தண்ணீர் தேக்குவது. தரையில் தண்ணீர் வெளியேறுகிற வாயான நஹானி ட்ராப்பைத் துணி சுற்றிய பிளாஸ்டிக் மூடியால் அடைத்து, வாசலில் சிமெண்டில் சின்ன வரப்பு கட்டி, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் கோடு போட்டுக்கொண்டோம். அதில் அம்மா துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அரை பாட்டில் கவிழ்த்தார் அந்த இன்ஜினியர். மறுநாள் காலை அப்பா அறையில் பார்த்தால், கூரையைத் துளைத்துக்கொண்டு வரும் கழிவுக் குழாயைச் சுற்றி நீல வளையம்.

காண்ட்ராக்டர் அதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ட்ராப்பைச் சுற்றி அடைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று அவரே சொன்னார். அதற்கு மேல் யாரும் குரலை உயர்த்தவில்லை.

எங்கள் கையில் இருந்த பிடி அந்தப் பாக்கி 1,20,000 மட்டும்தான். ஒரு பாத்ரூமைத் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை உடைத்து மறுபடி செய்வது, உடைகிற டைல்ஸுக்கு 22,000 பாக்கியில் கழிப்பது, மீதி 98,000 மறுபடி தண்ணீர் தேக்கி மூன்று நாள் பார்த்த பிறகு, என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அப்படித்தான் முடிந்தது. உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

மதுரை மங்கை:

அண்ணா, உங்களுக்காவது 1,20,000 கையில் இருந்தது. நான் மாடுலர் கிச்சனுக்கு 2,90,000 முழுசாகக் கொடுத்து, நல்லா செய்திருக்கீங்கன்னு ஸ்வீட் பாக்ஸும் கொடுத்து அனுப்பினேன்.

பேசியது 710 கிரேடு மரைன் பிளைவுட், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று. எட்டு மாதத்தில் சிங்குக்குக் கீழே இருக்கிற கதவு அப்பளம் மாதிரி உப்பியது. வந்து பார்த்த காண்ட்ராக்டர், நீங்க தண்ணி சிந்தியிருப்பீங்க மேடம் என்றார். சிங்குக்கு அடியில் தண்ணீர் சிந்தாமல் வேறு எங்கே சிந்தும்? வேலை செய்தபோது மிஞ்சிய துண்டு ஒன்று மொட்டை மாடியில் கிடந்தது. பழைய இட்லிப் பானையில் போட்டு வேகவைத்தேன். நிஜமான 710 பிளையை 72 மணி நேரம் வேகவைத்துச் சோதிப்பார்களாம், அதற்குத் தாங்கணும். என்னுடையது மூன்று மணி நேரத்தில் சீட்டுக்கட்டு மாதிரி பிரிந்துவிட்டது. வீடியோ எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தால் மனுவை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர் என்ற ரசீதைக் கொடுத்துவிட்டு இது சிவில் மேட்டர்மா என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச சட்ட உதவி உண்டு, நிறையப் பேருக்கு இது தெரியவே தெரியாது. கேஸ் போடுவதற்கு முன்னாலேயே சமரசத்துக்குக் கூப்பிட்டு அவருக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். முதல் முறை வரவில்லை, இரண்டாம் முறை மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாதான், "ஏங்க, பண்ணது தப்புதானேங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னது. கீழ் வரிசை முழுக்க மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, மறுபடி அவர் கையால் வேலை வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்றேன். 85,000, மூன்று தவணை. மூன்றாவது தவணை நாலு மாதம் தள்ளி வந்தது, ஆனாலும் வந்தது.

தாம்பரம் மொட்டைமாடி:

நான் நுகர்வோர் ஆணையம் வரை போனவன். பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

மொட்டை மாடியில் கூல் டைல்ஸ் பதிக்க 2,10,000 கொடுத்தேன். முதல் மழையிலேயே ஹாலில் சொட்டியது, வெயில் வந்ததும் டைல்ஸ் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டது. ஆளைக் காணோம். வடகிழக்குப் பருவமழை தலைக்கு மேல் நிற்கிறது, வீட்டில் கைக்குழந்தை. வேறு ஒரு கொத்தனாரை வைத்து எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டுப் புதுசாகப் போட்டுவிட்டேன். அதற்கு அப்புறம்தான் கேஸ் போட்டேன். குறையை நேரில் பார்க்க ஆணையம் அனுப்பிய வக்கீல், அதாவது அட்வகேட் கமிஷனர், வந்து பார்க்கும்போது பளபளவென்று ஒரு நல்ல மாடி இருக்கிறது! குறை எங்கே என்று கேட்டால் காட்ட என்னிடம் ஏழு போட்டோ. அதில் நாலு கலங்கல்.

மனு போட்டது சுலபம்தான். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், காண்ட்ராக்டர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், இதில்தான் பலர் 'இதோ வர்றேன், அதோ வர்றேன்' பேச்சை நம்பி நாளை விட்டுவிடுகிறார்கள். வக்கீல் வைக்கவில்லை, நானே பேசினேன். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் போட வேண்டும், கெஞ்சினால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது. அவர் 44-ஆம் நாள் போட்டார்.

14 மாதம் கழித்துத் தீர்ப்பு. கேட்டது 2,10,000, கிடைத்தது 90,000, அதோடு மன உளைச்சலுக்கு 15,000, செலவுக்கு 5,000. போட்டோ மட்டும் ஒழுங்காக இருந்து, உடைப்பதற்கு முன் ஒரு இன்ஜினியர் ரிப்போர்ட்டும் இருந்திருந்தால் முழுசாக வந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பணமும் சும்மா வரவில்லை. தீர்ப்பை மதிக்காவிட்டால் ஜெயில் வரை போகலாம் என்று 72-ஆம் பிரிவு இருக்கிறது, அதில் மனு போட்ட பிறகுதான் அவருக்கு என் வீட்டு விலாசம் ஞாபகம் வந்தது.

வேளச்சேரி:

இதுக்கெல்லாம் ரெராவில், அதான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், போட முடியாதா? அஞ்சு வருஷம் கேரண்டி உண்டு என்று எங்கோ படித்தேன்.

தாம்பரம் மொட்டைமாடி:

அது பில்டரிடம் ஃப்ளாட் வாங்கினவர்களுக்குங்க. நம் சொந்த வீட்டை நாமே ஆள் வைத்து ரிப்பேர் பார்த்தால் அந்தச் சட்டம் பொருந்தாது.

சேலம் பில்டிங் வேலை:

நான் மறுபக்கத்து ஆள். 19 வருஷமாகக் காண்ட்ராக்ட் எடுக்கிறேன். மேலே இருக்கிற மூன்று பேர் விஷயத்திலும் தப்பு எங்கள் ஆட்கள் மேல்தான், மறுக்கவில்லை. அந்த ட்ராப் அடைக்காமல் விட்டது மன்னிக்க முடியாத வேலை.

ஆனால் எங்கள் கதையையும் கேளுங்கள். வாட்டர் ப்ரூஃபிங் போட்டால் காய விடணும், பிறகு 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்கணும், அப்புறம்தான் டைல்ஸ். எத்தனை வீட்டுக்காரர் அந்த நாலு நாளைக் கொடுக்கிறார்கள்? "தை பிறந்ததும் பொண்ணு பாக்க வர்றாங்க, சீக்கிரம் முடிங்க" என்பார்கள். நடுவில், "இந்தச் சுவரை ஒரு அடி தள்ளிடுங்களேன்" என்பார்கள், அதற்குத் தனி ரேட் சொன்னால் முகம் போய்விடும், சொல்லாமல் செய்தால் கடைசியில் கணக்கு இடிக்கும். பில் வேணுமா என்றால் வேண்டாம், 18 சதவீதம் ஜி.எஸ்.டி யார் கட்டுவது என்பார்கள். பிறகு அதே ஆள் ஆதாரம் இல்லையே என்று அழுவார்.

இன்னொன்று, லேபர் காண்ட்ராக்ட் என்றால் சாமான் உங்களுடையது. கோணலான டைல்ஸை ஆஃபரில் வாங்கிக் கொடுத்துவிட்டு ரசமட்டம் வைத்துப் பார்த்தால் மட்டம் எங்கிருந்து வரும்? என் வழக்கத்தைச் சொல்கிறேன். முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க மாட்டேன். பாக்கி எல்லாம் வேலை முடிய முடிய. கடைசி 5 சதவீதம் ஒரு மழைக்காலம் தாண்டிக் கொடுத்தால் போதும் என்று நானே எழுதிக் கொடுத்துவிடுவேன். அதைக் கேட்டதும் பலர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், அது வேறு கதை.

மதுரை மங்கை:

அண்ணே, 5 சதவீதம் பிடித்துவைக்க நீங்களே சொல்கிறீர்களா? மதுரைப் பக்கம் வேலை எடுப்பீர்களா?

சேலம் பில்டிங் வேலை:

சேலம், நாமக்கல் தாண்டி வருவதில்லைம்மா. மேற்பார்வை பார்க்க முடியாத வேலையை எடுத்தால் நானும் இந்த லிஸ்டில் வந்துவிடுவேன்.

பெரம்பூர் மாடிவீடு:

வெள்ளைத்தாளில் என்ன எழுதினோம் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். பெரிய சட்ட மொழி எதுவும் இல்லை. என்னென்ன குறை என்று இன்ஜினியர் போட்ட 17 வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உடைத்து மறுபடி செய்வது' அல்லது 'அப்படியே விடுவது'. தேதி. எந்தச் சோதனை பாஸானால் எவ்வளவு பணம். 21 நாளில் முடியாவிட்டால் பாக்கித் தொகையை வைத்து வேறு ஆளிடம் செய்துகொள்வோம், அதற்கு அவர் ஆட்சேபிக்க மாட்டார் என்று ஒரு வரி. கீழே அவர், நான், சாட்சிக்கு அந்த இன்ஜினியர். காண்ட்ராக்டர் 23-ஆம் நாள் முடித்தார், இரண்டு நாளை நான் பெரிசுபடுத்தவில்லை. இந்த முறை மூலைகளை எல்லாம் கலவையால் உருட்டிவிட்டு, இரண்டு கோட்டிங், ட்ராப்பைச் சுற்றித் தனியாக அடைப்பு. அவரே பக்கத்தில் நின்று செய்ய வைத்தார். மூன்று நாள் தண்ணீர் நின்றது, கீழே கூரை எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. 98,000-ஐ அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

அப்பா அந்த ஐந்து ரூபாயை இன்னும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார். நேற்று காபி குடிக்க மாடிக்கு வந்தவர் சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்க ரெண்டு டொக்கு இருக்கு, அப்பவே தெரியும், நீ கத்துவேன்னு சொல்லல" என்கிறார்.