ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து ‘ஊய்ங்’ சத்தம்: ஹவுசிங்கா, டயரா, ஹப் பேரிங்கா?

தொப்பூர்_இறக்கம் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2009 மாடல் டீசல் வண்டி, ஏழு பேர் உட்காரலாம். பின்சக்கர ஓட்டம், பின்னால் லீஃப் ஸ்பிரிங். 1,84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாகப் பின்பக்கத்திலிருந்து ஒரு ஊளைச் சத்தம் வருகிறது. 55-ல் மெதுவாகத் தொடங்கி, 60 முதல் 80 வரை நன்றாகக் கேட்கிறது, 90-க்கு மேல் காற்றுச் சத்தத்தில் அமுங்கிவிடுகிறது. ஆக்சிலேட்டர் மிதித்துப் போகும்போது ஏறக்குறைய இல்லை, காலை எடுத்த உடனே ‘ஊய்ங்’ என்று ஆரம்பித்துவிடும். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் மூன்றாவது கியரில் விட்டு இறங்குகிறேன், அந்த இறக்கம் முழுக்கச் சத்தம் நிற்பதே இல்லை. திரும்பி ஏறும்போது அமைதி.

பின் டயர் இரண்டும் போன தீபாவளிக்கு மாற்றியது. டயர் சத்தமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு மெக்கானிக் ஓட்டிப் பார்க்காமலேயே ‘கிரவுன் பினியன் போச்சு, சென்னைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையிலிருந்து முழு ஹவுசிங்கே கொண்டுவந்து மாட்டிடலாம்’ என்கிறார். (ஹவுசிங் என்பது பின் ஆக்சில் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி. உள்ளே இருக்கிற சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுற்றுகிற பெரியது கிரவுன்.) இன்னொருவர் 140 நம்பர் கெட்டி கியர் ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார். அம்மாவை மாதம் இருமுறை சேலம் ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப்போகிறேன். வழியில் ஹவுசிங் இறுகி நின்றுவிடுமோ என்ற பயம்தான் பெரிது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை_நண்பன்:

முதலில் செலவில்லாத சோதனை ஒன்று. சமதளமான, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 75 வரை போய், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியைத் தானாக உருளவிடுங்கள். தயவுசெய்து தொப்பூரில் இதைச் செய்ய வேண்டாம், இறக்கத்தில் நியூட்ரல் போடுவது உயிரோடு விளையாடுவது. உருளும்போதும் சத்தம் அதே அளவில் இருந்தால் டயர் அல்லது ஹப் பேரிங், அதாவது சக்கரத்தைத் தாங்குகிற பேரிங். காரணம் எளிது, அவை இரண்டுக்கும் இன்ஜின் இழுக்கிறதா தள்ளுகிறதா என்பது தெரியாது, சக்கரம் சுற்றினால் போதும். மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் ஒரு மாதிரி என்று மாறினால் பல்லும் பல்லும் சேரும் இடத்தில்தான் விஷயம்.

அப்புறம், ஒரே 60 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறும்போது சுருதியும் மாறினால் கியர்பாக்ஸ். எந்தக் கியரில் போனாலும் 60-க்கு அதே சுருதி என்றால் ஹவுசிங். தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறும்போது சத்தம் மாறினால் டயர்.

பட்டறை_மூலை:

தம்பி, நான் முப்பது வருஷமாக ஹவுசிங் பிரித்து மாட்டுகிறவன். நீங்கள் சொன்னதில் பாதிப் பதில் இருக்கிறது, மீதிக்கு ஒரே கேள்வி: சத்தம் வருவதற்கு முன்னால் பினியன் ஆயில் சீல் மாற்றினீர்களா? கியர்பாக்ஸிலிருந்து வருகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஹவுசிங்கில் சேரும் மூக்கில் இருக்கிற சீல்.

தொப்பூர்_இறக்கம்:

ஆமாம் அண்ணே! சரியாகச் சொன்னீர்கள். மூன்று மாதம் முன்னால் அந்த இடத்தில் ஆயில் கசிந்தது, ஊருக்குள் ஒரு ஷெட்டில் சீல் மாற்றினார்கள். அரை மணி நேர வேலை, ஏர் கன்னில் கழற்றி ஏர் கன்னிலேயே முடுக்கினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

நெடுஞ்சாலை நண்பர் சொன்னதையும் நேற்றுச் செய்தேன். நியூட்ரலில் உருளும்போது சத்தம் பாதிக்கு மேல் குறைகிறது. நான்கிலும் ஐந்திலும் ஒரே சுருதி.

பட்டறை_மூலை:

சம்பந்தம் இருக்க வாய்ப்பு அதிகம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பினியன் இரண்டு டேப்பர் பேரிங்கில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் பல வண்டிகளில் மெல்லிய இரும்புக் குழாய் போல ஒரு ஸ்பேசர் இருக்கும். பினியன் முனையில் இருக்கிற நட்டை முடுக்க முடுக்க அந்தக் குழாய் நசுங்கி, பேரிங் இரண்டும் இவ்வளவு இறுக்கம்தான் என்று ஓர் இடத்தில் நிற்கும். அந்த இறுக்கத்தை பிரீலோடு என்போம். ஸ்பேசர் ஒரு தடவை நசுங்கினால் நசுங்கியதுதான், திரும்ப நீளாது. சீல் மாற்றக் கழற்றுகிறவர் முதலில் நட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிக்கொள்ள வேண்டும், பினியன் எவ்வளவு இறுக்கத்தில் சுற்றுகிறது என்று அளந்துகொள்ள வேண்டும், மாட்டும்போது அதே இடத்துக்கு வந்து நிறுத்த வேண்டும். ஏர் கன் வைத்து அடித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். அதிகமாக நசுங்கி பேரிங் சூடேறி வெந்துபோகும், அல்லது நட்டு முழுசாக உட்காராமல் பினியன் முன்னும் பின்னும் ஆடும்.

மிதித்து ஓட்டும்போது பல்லின் ஒரு முகம் வேலை செய்கிறது, காலை எடுத்தால் எதிர் முகம். பினியன் மேல் விழுகிற தள்ளுதலும் திசை மாறும். பேரிங் தளர்ந்திருந்தால் காலை எடுத்த நொடியில் பினியன் இடம் மாறி உட்கார்ந்து, பல் தப்பான இடத்தில் உரசும். அதனால்தான் விட்டால் மட்டும் ஊளை என்றால் நான் முதலில் பினியன் பேரிங்கைப் பார்ப்பேன். மிதித்தால் மட்டும் ஊளை என்றால் முதலில் ஆயில் மட்டம், அப்புறம் கிரவுன் பல். இரண்டிலும் ஊளை என்றால் பிரித்துப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டேன்.

எப்படிச் சோதிப்பது? சமதளத்தில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்சிலை இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுவித்த நிலை. பினியன் ஃபிளேஞ்சை, அதாவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து மாட்டுகிற தட்டை, இரண்டு கையாலும் பிடித்து வண்டியின் நீளவாக்கில் இழுத்துத் தள்ளுங்கள், மேலும் கீழும் அசையுங்கள். கைக்குத் தெரிகிற மாதிரி துளி ஆட்டம் இருந்தாலும் பிரீலோடு போய்விட்டது. இடவலமாகச் சுற்றும்போது ‘டக் டக்’ என்று கொஞ்சம் இருக்கும், அது பேக்லாஷ், பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி, இருக்கத்தான் வேண்டும்.

ஆட்டம் தெரிந்தால் அந்த நட்டை நீங்களே இன்னும் ஒரு முடுக்கு முடுக்கிப் பார்க்காதீர்கள். கெட்டுப்போன பேரிங் மேல் முடுக்கினால் இரண்டு வாரம் சத்தம் அடங்கும், அப்புறம் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும்.

சுருதி_பெட்டி:

பட்டறை அண்ணன் சொன்னதோடு ஒரு சின்னக் கணக்கு, காதால் பிரித்தறிய உதவும். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள், 4.1 ரேஷியோ. டயர் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர் என்றால் 70 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 9 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, பினியன் 38 சுற்று, பல்லோடு பல் சேர்வது நொடிக்கு 380 தடவை. அதனால் பல் சத்தம் ஒரே சுருதியில் நாதஸ்வர ஒத்து மாதிரி நீளமாக வரும், ஹப் பேரிங் சத்தம் அதற்குக் கீழே ‘குர்ர்ர்’ என்று அரைக்கும். பினியன் பேரிங் இரண்டுக்கும் நடுவில், கரகரப்பு கலந்த ஊளை. போனில் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டால் பிரித்தறிய முடியும்.

ஏற்காடு_பாதை:

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். என் வண்டியிலும் இதே மாதிரி சத்தம் என்று நினைத்து ஹவுசிங்கைப் பிரித்துப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் மூடினோம். கடைசியில் அது வலது பின் ஹப் பேரிங். அகலமான காலிச் சாலையில் 60-ல் போகும்போது ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் வளைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்: வண்டியை இடதுபக்கம் வளைத்தால் பாரம் வலது சக்கரத்தில் விழும், வலது பேரிங் கெட்டிருந்தால் சத்தம் அப்போது ஏறும். இன்னொரு வழி, வண்டியை ஏற்றிவிட்டுச் சக்கரத்தை ஒரு கையால் சுற்றிக்கொண்டே மற்றக் கையின் விரல் நுனியை லீஃப் ஸ்பிரிங் மேல் வையுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்ட பேரிங் என்றால் மணல் மேல் தட்டை இழுக்கிற மாதிரி நறநறவென்று ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். காதுக்குக் கேட்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும்.

கீழ்_வீதி77:

இவ்வளவு பிரிக்க வேண்டாம் சார். என் பழைய வண்டிக்கு 140 ஆயில் ஊற்றினேன், ஒரு வருஷம் சத்தமே இல்லை.

பட்டறை_மூலை:

சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது. விற்கிறவர்கள் செய்கிற வேலை அது. ஹவுசிங்கில் இருப்பது ஹைபாய்டு பல். பினியன் கிரவுனின் நடுக்கோட்டுக்கு நேராக இல்லாமல் கீழே இறங்கி நிற்கும், 1926-ல் பேக்கர்ட் கார்களில் வந்த அமைப்பு, இன்றைக்கும் அதுதான். ஷாஃப்ட் தாழ்ந்து போவதால் தரையைத் தாழ்த்த முடிந்தது, ஆனால் பல் மேல் பல் உருள்வதோடு நிற்காமல் வழுக்கியும் போகும். அந்த வழுக்கலைத் தாங்குவதற்காகத்தான் ஜிஎல்-5 தரக் கியர் ஆயில். கையேட்டில் 80டபிள்யூ-90 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். கெட்டி ஆயில் மூக்குப் பக்க பேரிங்குக்குப் போய்ச் சேர நேரமாகும், உங்களுக்குப் பிரச்சினையே அந்த பேரிங்தான்.

ஆயில் மாற்றும்போது முதலில் ஆயில் ஊற்றுகிற மேல் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், அது திறக்கவில்லை என்றால் கீழே வடித்துவிட்டு நிற்க வேண்டி வரும். ஆயில் வடிக்கிற காந்த போல்ட்டில் மை மாதிரி சாம்பல் பசை இருந்தால் சகஜம். மினுமினுப்பாகச் செதில் இருந்தால் அந்த வண்டியில் அம்மாவைச் சேலத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள், பஸ்ஸில் போங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, ஹவுசிங்குக்குக் காற்று போய்வருகிற பிரீதர் குழாயைப் பாருங்கள்.

தொப்பூர்_இறக்கம் (பன்னிரண்டு நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. ஃபிளேஞ்சைப் பிடித்து இழுத்ததுமே ஆட்டம் தெரிந்தது, மெல்லிசாக ‘டிக்’ என்று ஒரு தட்டல். காந்தத்தில் பசையோடு நான்கைந்து வெள்ளிச் செதில். அன்றோடு வண்டியை நிறுத்திவிட்டேன். சங்ககிரியில் லாரி ஹவுசிங் வேலை பார்க்கிற ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போனோம்.

பிரித்ததில் முன்பக்க பினியன் பேரிங்கின் உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. நகத்தால் தடவினால் மாட்டியது. பின்பக்க பேரிங் பரவாயில்லை, இருந்தாலும் இரண்டையும் மாற்றினோம். கிரவுன் பல்லில் மஞ்சள் பெயிண்ட் தடவிச் சுற்றிப் பார்த்தார், தடம் ஏறக்குறைய நடுவில்தான் விழுந்தது, அதனால் கிரவுன் பினியன் ஜோடி தப்பித்தது. பினியன் நிற்கும் இடத்தைச் சரிசெய்கிற பழைய ஷிம் தகட்டையே போட்டு, புது ஸ்பேசர், புது நட்டு, புது சீல். நட்டை நீளக் கம்பியில் கையால் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஒவ்வொரு முடுக்குக்கும் சின்ன டார்க் ரென்ச்சால் அளந்துகொண்டே போனார், அந்த ஒரு நட்டுக்கு மட்டும் நாற்பது நிமிஷம். பேக்லாஷ் டயல் கேஜில் 0.16 மி.மீ., கையேட்டு அளவுக்குள்தான் இருக்கிறது என்றார்.

நேற்றுத் தொப்பூர் இறங்கினேன். 72 பக்கத்தில் மட்டும், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கவனித்தால், மெல்லிய ஒரு சத்தம் இருக்கிறது. மூன்று மாதம் தப்பாக உரசிய பல், இது பழகிவிடுமா அண்ணே?

பட்டறை_மூலை:

கொஞ்சம் இருக்கும் தம்பி, பயப்பட வேண்டாம். கூடாமல் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். 1,000 கி.மீ. ஓடியதும் ஆயிலை வடித்துக் காந்தத்தைத் துடைத்துப் போடுங்கள், அடுத்த 5,000-ல் இன்னொரு தடவை. இருபது கி.மீ. ஓட்டி இறங்கியதும் ஹவுசிங் மூக்கில் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும், ஆனால் கை பொறுக்க வேண்டும். பொறுக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.